கேரவன் டேங்க்கில் தண்ணீர் உறையாமல் இருக்க: மூணாறு மலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் பாதியில் தொடங்கி பிப்ரவரி முடியும்வரை, வீடு போலக் கட்டிய வண்டியில் மூணாறு ஏறி வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். நான் பிறந்து வளர்ந்தது குண்டலைப் பக்கத்தில் ஓர் எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். முதலில் எஸ்டேட்டில் தண்ணீர் பைப் வேலை பார்த்தேன். இப்போது கேரவன்களுக்கு பம்ப், ஹீட்டர், பைப் வேலை. ஒரு வண்டியோடு இமாச்சலத்து ஸ்பிதிவரை போய் வந்தபோது கற்றதும் இதில் இருக்கிறது.

கேரளாவில் தண்ணீர் உறையுமா? நம்பவே முடியவில்லையே.

உறையும். எல்லா இடத்திலும் இல்லை, எல்லா ராத்திரியும் இல்லை. மூணாறு டவுன் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள செண்டுவாரை, லெட்சுமி, செவன்மலை, சைலண்ட்வேலி எஸ்டேட்களின் பள்ளங்களில் மார்கழி, தை மாதங்களில் சில ராத்திரிகள் 0 டிகிரிக்கும் கீழே ஒன்றிரண்டு டிகிரி இறங்கிவிடும். விடிந்து பார்த்தால் புல்வெளி சுண்ணாம்பு தெளித்ததுபோல் இருக்கும். பனி பிடித்த கொழுந்து வெயில் ஏறியதும் கறுத்துக் கருகும். 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்று கீழ்நாட்டில் சொல்வார்கள். இங்கே தரையைத் துளைப்பதை நீங்கள் செருப்புக் காலாலேயே உணரலாம். மிதித்தால் நறநறவென்று நொறுங்கும்.

போடிமெட்டு வழியாகவோ, உடுமலை, சின்னார், மறையூர் வழியாகவோ வருகிறவர்கள் அடிவாரத்தில் 30 டிகிரி வெயிலில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு ஏறுகிறார்கள். அன்று ராத்திரியே உறைபனியில் நிற்கப்போகிறோம் என்ற எண்ணம் அவர்களுக்கு வருவதில்லை. சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

போனில் 4 டிகிரி என்று காட்டுகிறது. அப்படியானால் பயமில்லைதானே?

பயம் உண்டு. போன் காட்டுவது டவுன் கணக்கு. அதுவும் தரையிலிருந்து ஆள் உயரத்தில் இருக்கும் காற்றின் சூடு. மேகமில்லாத, காற்று அசையாத ராத்திரியில் தரையும் புல்லும் வண்டியின் கூரையும் தங்கள் சூட்டை நேராக வானத்துக்கு விட்டுவிடுகின்றன. அதனால் காற்று 3, 4 டிகிரியில் இருக்கும்போதே புல் 0 டிகிரிக்குக் கீழே போய்விடும். புல்லின் மேல் கிடக்கும் ஹோஸும் அப்படித்தான். குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும்.

ராத்திரி எட்டு மணிக்கு வெளியே வந்து அண்ணாந்து பாருங்கள். நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்து, இலை அசையாமல் இருந்தால் அன்றைக்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். மஞ்சு மூடியிருந்தால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளலாம். மூடுபனியும் மேகமும் மலைக்குப் போர்வை மாதிரி.

முதலில் உறைவது டேங்க்தானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

தண்ணீர் 0 டிகிரியைத் தொட்டவுடன் ஐஸாகிவிடுவதில்லை. 1 லிட்டர் தண்ணீரை 80 டிகிரியிலிருந்து 0 டிகிரிவரை ஆற்ற எவ்வளவு சூடு வெளியேற வேண்டுமோ, ஏறக்குறைய அதே அளவு சூடு, 0 டிகிரியில் இருக்கும் தண்ணீர் ஐஸாக மாறவும் வெளியேற வேண்டும். 100 லிட்டர் டேங்க் முழுதும் கட்டியாக வேண்டுமென்றால் ஏறக்குறைய 9 யூனிட் கரண்ட் அளவுக்குச் சூடு போக வேண்டும். மூணாறில் ஒரு ராத்திரியில் அது நடக்காது. மேலே ஓர் ஏடு படியலாம், அவ்வளவுதான்.

ஆனால் டேங்க்கிலிருந்து சமையல் மேடைக்குப் போகும் அரை அங்குல பைப்பில் இருப்பது கையளவு தண்ணீர். ஃபில்டர் கிண்ணத்தில் ஒரு டம்ளர். பம்ப்பின் தலைக்குள் இரண்டு மூன்று கரண்டி. ஷவர் குழாயின் வளைவில் ஒரு வாய். இந்தச் சின்னத் தண்ணீர்தான் முதலில் உறையும், உடைப்பதும் இதுதான். உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் பெருகுகிறது. பைப்பின் ஓரிடத்தில் ஐஸ் அடைத்துக்கொண்டு, மறுமுனையில் குழாய் மூடியிருந்தால், நடுவில் மாட்டிய தண்ணீர் நெருக்கப்படும். ஐஸ் வளர வளர அழுத்தம் ஏறும். கடைசியில் எது பலவீனமோ அது விடும். பெரும்பாலும் அது ஃபில்டர் கிண்ணம், இல்லாவிட்டால் எல்போ என்ற வளைவு இணைப்பு, இல்லாவிட்டால் பம்ப் தலை.

ஒரு ஜனவரிக் காலை, மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பம் கூப்பிட்டது. வேனை வீடாக மாற்றிய வண்டி. ஓடையை ஒட்டிய புல்தரையில் நிறுத்தியிருந்தார்கள். நான் போகும்போது எட்டு மணி. "தம்பி, டேங்க்ல தண்ணி தளதளன்னு இருக்கு. உறையவே இல்ல. பம்ப்தான் ரிப்பேர் போல, சத்தம் வருது, தண்ணி வரல" என்றார் அந்த அண்ணன். "அண்ணே, மொதல்ல பம்ப்ப ஆஃப் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு சிங்க் அடிப்பலகையைக் கழற்றினேன். ஃபில்டர் கிண்ணத்துக்குள் ஐஸ், கண்ணாடிக் கட்டிபோல் நின்றது. கிண்ணத்தின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக முடியிழை போல ஒரு கோடு. ஒரு சொட்டு ஒழுகவில்லை, ஐஸே அடைப்பாக நின்றதால். நான் சுற்றியிருந்த பொருளையெல்லாம் எடுத்து வைத்தேன். ஒன்பது மணிக்கு மலை தாண்டி வெயில் வந்தது. பத்து நிமிடத்தில் அந்தக் கோட்டிலிருந்து தண்ணீர் கசியத் தொடங்கியது. பம்ப் ஓடிக்கொண்டே இருந்திருந்தால் டேங்க்கில் இருந்த 80 லிட்டரும் படுக்கைக்குக் கீழே பேட்டரி இருந்த இடத்துக்குத்தான் போயிருக்கும்.

உடைவது ராத்திரியில், ஒழுகுவது வெயில் ஏறிய பிறகு. அதனால்தான் ராத்திரி நன்றாக இருந்தது, காலையில் திடீரென்று கெட்டுப்போனது என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

டேங்க்கை நிரப்பி வைப்பதா, காலி செய்வதா?

மூணாறுக்கு முக்கால் டேங்க் நல்லது. தண்ணீர் நிறைய இருந்தால் மெதுவாகத்தான் குளிரும். விளிம்புவரை நிரப்பினால் பெருக இடமிருக்காது. அடியில் கால் டேங்க் மட்டும் வைத்திருந்தால் அது சீக்கிரம் குளிர்ந்து, வெளியேறும் வாயிலேயே ஐஸ் கட்டும். மைனஸ் 5-க்குக் கீழே போகும் ஊர்களில், அதுவும் டேங்க் வண்டிக்கு அடியில் தொங்கினால், காலி செய்வதுதான் சரி.

வண்டியை எங்கே நிறுத்தினால் பனி குறையும்?

காசு செலவில்லாத வழி இதுதான், ஆனால் கேட்கிறவர்கள் குறைவு. ஓடைக்கரை, அணைக்கட்டு ஓரம், சதுப்புப் புல்வெளி, தேயிலைக் காட்டின் அடிப்பள்ளம் ஆகியவை பகலில் கண்ணுக்கு அழகு. ராத்திரியில் குளிர்காற்று வந்து குடியிருப்பதும் அங்கேதான். அங்கிருந்து நடுச்சரிவுக்கு, முப்பது நாற்பது மீட்டர் மேலே ஏறி நிறுத்தினால் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் கிடைக்கும். எங்கள் லயங்களைப் பாருங்கள், பள்ளத்தின் அடியில் கட்டியது மிகக் குறைவு.

அடுத்தது மேலே ஒரு மறைப்பு. மரத்தடியில் நின்ற வண்டியின் கூரையில் ஈரம் மட்டும் இருக்கும். பத்தடி தள்ளித் திறந்த வெளியில் நின்ற வண்டியில் பனியைச் சுரண்டி எடுக்கலாம். மரம், ஷெட், தார்ப்பாய், எதுவானாலும் வானத்தை மறைத்தால் போதும். காய்ந்த கிளை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிறுத்துங்கள். டேங்க்கும் பைப்பும் இருக்கும் பக்கம் கிழக்கைப் பார்த்திருந்தால் காலை வெயில் முதலில் அதன்மேல் படும்.

யானை நடமாட்டத்தை விசாரிக்காமல் எங்கும் தங்க வேண்டாம். மாட்டுப்பட்டி, குண்டலை ரோட்டில் இது சாதாரண எச்சரிக்கை இல்லை. எஸ்டேட் ஆட்களிடம் கேட்டால் அன்றைக்கு யானை எந்தப் பக்கம் இருக்கிறது என்று சரியாகச் சொல்வார்கள்.

ராத்திரி படுக்கும் முன் என்னென்ன செய்ய வேண்டும்?

பதினைந்து நிமிட வேலை. பாத்திரம் கழுவி, பல் தேய்த்து முடித்த பிறகு ஆரம்பியுங்கள்.

நாளைக் காலைக்கு வேண்டிய தண்ணீரை ஒரு கேனிலோ குடத்திலோ பிடித்து வண்டிக்குள் வைத்துவிடுங்கள். டேங்க்கிலிருந்து வெளியேறும் வால்வை மூடுங்கள். பம்ப்புக்கு முன்னால் கண்ணாடிக் கிண்ணம்போல் ஒரு சல்லடை இருக்கும். அதைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கழற்றிய நிலையிலேயே எல்லாக் குழாயையும் திறந்து பம்ப்பை அரை நிமிடம் ஓட விடுங்கள். பம்ப் காற்றை இழுத்து, தன் தலைக்குள்ளும் பைப்பிலும் இருந்த தண்ணீரைத் தள்ளிவிடும். கேரவனில் வரும் 12 வோல்ட் டயஃப்ரம் பம்ப் (உள்ளே ரப்பர் சவ்வு அசைந்து தண்ணீரைத் தள்ளும் வகை) இந்த அளவு காய்ந்து ஓடினால் கெடாது. வேறு வகை பம்ப் என்றால் ஓட விடாதீர்கள்.

பிறகு பம்ப்பின் சுவிட்சை ஆஃப் செய்து, அடியில் இருக்கும் வடிகால் வால்வைத் திறந்து விடுங்கள். வெந்நீர்க் குழாய், தண்ணீர்க் குழாய் இரண்டும் திறந்தே இருக்கட்டும். ஷவர் கையைக் கொக்கியிலிருந்து எடுத்துத் தரையில் போடுங்கள், ஹோஸில் தேங்கியது வடியும். ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றிக் கவிழ்த்து வையுங்கள். வெளியே தெருக்குழாயில் மாட்டிய ஹோஸ் இருந்தால் கழற்றி, வடித்து, சுருட்டி உள்ளே எடுத்துவிடுங்கள். ராத்திரி முழுக்கப் புல்லில் கிடந்த ஹோஸைக் காலையில் மடக்கிப் பார்த்தால் உள்ளே ஐஸ் முறியும் சத்தம் கேட்கும்.

கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் இன்னும் ஒரு வேலை செய்ய வேண்டும். அதன் உள்ளே ஒரு செம்புச் சுருள் இருக்கிறது. மெல்லிய சுவர், கொஞ்சம் தண்ணீர். கீழே உள்ள வடிகால் திருகை மறக்காமல் திறந்துவிடுங்கள். அந்தச் சுருள் பிளந்தால் ஒட்டுப் போட்டு ஓட்ட முடியாது, மாற்றத்தான் வேண்டும். ஐரோப்பாவில் கட்டிய வண்டிகளில் சில ஹீட்டர்களுக்கு, சுமார் 3 டிகிரிக்கு வந்ததும் தானாகத் திறந்து வெந்நீரை வெளியே விட்டுவிடும் வால்வு இருக்கும். இங்கே கட்டும் வண்டிகளில் அந்த வேலையை நம் கைதான் செய்ய வேண்டும்.

வீட்டில் செய்வதுபோல் குழாயைச் சொட்டுச் சொட்டாக விடலாமா?

லயத்தில் என் அம்மா அப்படித்தான் செய்வார். ஊற்றிலிருந்து கறுப்பு ஹோஸில் தண்ணீர் தானாக வந்துகொண்டிருந்தது, ஓடுகிற தண்ணீர் லேசில் உறையாது. கேரவனில் தண்ணீர் தானாக வருவதில்லை. பம்ப் ராத்திரி முழுக்க விட்டு விட்டு ஓடும், பேட்டரி இறங்கும், நல்ல தண்ணீர் தீரும், கீழே அழுக்குத் தண்ணீர் டேங்க் நிறைந்து அது உறையும். வேண்டாம்.

தெர்மோகோல், பழைய கம்பளி சுற்றினால் போதுமா?

மூணாறுக்கு ஓரளவு போதும். லடாக்குக்குப் போதாது. போர்வை சூட்டைத் தராது, இருக்கும் சூடு போவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. உள்ளே சூடே இல்லாத பைப்புக்கு எத்தனை கம்பளி சுற்றினாலும் விடியும்போது வெளியே என்ன குளிரோ அதே குளிர்தான் உள்ளேயும்.

பைப்புக்கு ஏசி மெக்கானிக்குகள் செம்பு பைப்பின்மேல் மாட்டும் கறுப்பு ஸ்பாஞ்ச் குழாயை வாங்கி மாட்டுங்கள். அது தண்ணீரைக் குடிக்காது. கம்பளியும் சாக்கும் ஈரம் குடித்து, ஈரத்தோடு உறைந்து, இருப்பதைவிட மோசமாக்கும். எல்போவையும் வால்வையும் விட்டுவிட்டு நேர் பைப்புக்கு மட்டும் சுற்றுகிறார்கள். உடைவது அந்த இரண்டும்தான்.

வண்டிக்குள்ளேயே பைப் போகிறதென்றால் இன்னொரு சுலப வழி உண்டு. சிங்க் அடிக்கதவையும் டேங்க் இருக்கும் சீட்டின் பலகையையும் ராத்திரி திறந்து வையுங்கள். நீங்கள் விடும் மூச்சின் சூடுகூட உள்ளே போகட்டும். நான்கு பேர் படுத்திருக்கும் வண்டியில் இது கண்கூடாகப் பலன் தரும்.

டேங்க் அடியில் ஒட்டும் ஹீட்டிங் பேட் வாங்கலாமா?

டேங்க் வண்டிக்கு வெளியே தொங்கி, நீங்கள் அடிக்கடி குளிர் ஊருக்குப் போகிறவர் என்றால் வாங்கலாம். தெர்மோஸ்டாட் உள்ளதாக வாங்குங்கள். சுமார் 7 டிகிரியில் தானாக ஓடத் தொடங்கி 20 டிகிரியை நெருங்கும்போது நின்றுவிடும் வகை கிடைக்கிறது. வாங்கும் முன் பேட்டரிக் கணக்கைப் போடுங்கள். 60 வாட் பேட் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். பத்து மணி நேரம் ஓடினால் 50 ஆம்பியர்-ஹவர். 100 ஆம்பியர்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்குமேல் எடுக்கக்கூடாது என்பதால், அந்த ஒரு பேட்டே உங்கள் ராத்திரியைத் தின்றுவிடும். லைட்டுக்கும் பம்ப்புக்கும் ஒன்றும் மிஞ்சாது. காலி டேங்க்கில் பேட் ஓடவும் கூடாது, பிளாஸ்டிக் வளைந்துவிடும்.

மறுபடியும் சொல்கிறேன், பேட் டேங்க்கை மட்டும்தான் காக்கும். பைப்புக்குத் தனியாக ஹீட்டிங் கேபிள் வேண்டும்.

லித்தியம் பேட்டரிக்குக் குளிர் ஒத்துக்கொள்ளுமா?

தண்ணீர்க் கேள்வி இல்லை என்றாலும் அதே ராத்திரியில் நடப்பது என்பதால் சொல்கிறேன். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது, உள்ளே நிரந்தரச் சேதம் ஆகும். காலை வெயிலில் சோலார் பேனல் வேலையைத் தொடங்கும்போது பேட்டரி பெட்டி இன்னும் சில்லென்று இருக்கும். குளிரில் சார்ஜை நிறுத்தும் பாதுகாப்பு உங்கள் பேட்டரியில் இருக்கிறதா என்று விற்றவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். பேட்டரி வண்டிக்குள் இருந்தால் மூணாறில் கவலை இல்லை.

டேங்க்கில் உப்போ கார் கூலன்ட்டோ ஊற்றினால் உறையாது என்கிறார்களே?

நல்ல தண்ணீர் டேங்க்கில் எதையும் ஊற்றாதீர்கள். கார் ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால். விஷம், இனிப்பாகவும் இருக்கும். குழந்தையோ நாயோ குடித்தால் சிறுநீரகம் போய்விடும். ஒருமுறை ஊற்றிய டேங்க்கை நான் குடிதண்ணீருக்கு மறுபடி நம்ப மாட்டேன். மாதக்கணக்கில் நிறுத்தும் வண்டியின் பைப்பில் விட என்றே புரோப்பிலீன் கிளைக்கால் கலந்த திரவம் இருக்கிறது. அது வேறு பொருள். அதையும் ஓட்டத்தில் இருக்கும் குடிதண்ணீரில் கலக்கக்கூடாது, பயன்படுத்தும் முன் நன்றாக அலசிவிட வேண்டும்.

உப்பு விஷயம் உண்மைதான். கடல் தண்ணீர் அளவுக்கு, அதாவது லிட்டருக்கு 35 கிராம் உப்பு சேர்த்தால் உறைவது மைனஸ் 2 டிகிரி அளவுக்குத் தள்ளிப்போகும். பத்து லிட்டர் வாளிக்கு 350 கிராம் கல்லுப்பு. மூணாறில் அழுக்குத் தண்ணீர் டேங்க்கைக் காப்பாற்ற இது போதும், டேங்க் பிளாஸ்டிக்காக இருந்தால் மட்டும். இரும்பு என்றால் துரு பிடிக்கும். உப்பு மூட்டையை வண்டிக்கு வெளியே வைக்காதீர்கள். உப்புக்கு யானை வரும்.

அழுக்குத் தண்ணீர் டேங்க்கை என்ன செய்வது?

மாலையிலேயே காலி செய்துவிடுங்கள். அது பெரும்பாலும் வண்டிக்கு அடியில் காற்றுபட இருக்கும், அதன் வால்வு சின்னது, சாப்பாட்டுத் துணுக்கோடு உறைந்தால் திறக்கவே வராது. கட்டாயப்படுத்தித் திருகினால் கைப்பிடி கையோடு வந்துவிடும். ஐரோப்பாவில் குளிர்காலத்தில் வால்வைத் திறந்துவிட்டு அடியில் ஒரு வாளி வைத்துவிடுவது வழக்கம். வாளியில் உறைந்தால் தட்டிக் கொட்டலாம். இங்கும் அதையே செய்யுங்கள்.

வாளி வைக்காமல் தரையில் திறந்துவிடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். நீங்கள் நிற்கும் சரிவுக்குக் கீழே ஓடை. அந்த ஓடைக்குக் கீழே ஒரு லயம். அந்த லயத்துக்குத் தண்ணீர் எடுக்கும் ஹோஸின் வாய் அந்த ஓடையில்தான் இருக்கிறது. முத்திரப்புழை, நல்லதண்ணி, குண்டலை என்ற மூன்று ஆறும் கூடுவதால்தான் இந்த ஊருக்கு மூணாறு என்று பெயர். சோப்புத் தண்ணீரை ஹோட்டலிலோ கேரவன் பார்க்கிலோ கழிவுநீர்த் தொட்டியில் ஊற்ற இடம் கேளுங்கள். கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்த பிறகு வாகமண்ணில் முதல் கேரவன் பார்க் வந்தது. அப்படிப்பட்ட இடத்தில் தங்கினால் இந்தத் தொல்லையே இல்லை.

கரி அடுப்பை உள்ளே வைத்து வண்டியைச் சூடாக்கினால் தண்ணீரும் உறையாதே?

செய்யாதீர்கள். கரி, கேஸ் அடுப்பு, பார்பிக்யூ, எதுவும் மூடிய வண்டிக்குள் எரியக்கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கம் வருவதுபோல் இருக்கும், எழுந்திருக்க மாட்டீர்கள். மலை ஊர்களில் குளிருக்குக் கரி மூட்டிப் படுத்து உயிர்விட்ட குடும்பங்கள் உண்டு. குளியலறைக்குள் மாட்டிய கேஸ் கீசரும் அதே ஆபத்துதான். புகை வெளியே போகும் குழாயுள்ள டீசல் ஹீட்டர் மட்டுமே உள்ளே ஓடலாம். அதோடு கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் வாங்கி மாட்டுங்கள். ஃபில்டர் உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

காலையில் கேஸ் அடுப்பு மந்தமாக எரிகிறது. கேஸ் தீர்ந்துவிட்டதா?

தீரவில்லை. நம் சிலிண்டரில் இருப்பது பியூட்டேனும் புரோப்பேனும் கலந்தது. புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலும் ஆவியாகும். பியூட்டேன் மைனஸ் அரை டிகிரிக்குக் கீழே திரவமாகவே படுத்துவிடும். வெயில் ஏறட்டும். சிலிண்டரின்மேல் கொதிக்கிற தண்ணீரை ஊற்றுவதோ தீ காட்டுவதோ கூடாது.

எல்லாம் உறைந்துவிட்டது. இப்போது என்ன செய்ய?

பம்ப் சுவிட்சை ஆஃப் செய்யுங்கள். டேங்க் வால்வை மூடுங்கள். குழாய்களைத் திறந்து விடுங்கள். உடைந்த இடம் எங்கே என்று தெரியும்வரை இந்த மூன்றும் அப்படியே இருக்கட்டும்.

வெயில் வரும் என்றால் காத்திருப்பதுதான் நல்ல வைத்தியம். அவசரமென்றால், துணியைக் கை பொறுக்கும் சூட்டு வெந்நீரில் நனைத்துப் பைப்பின்மேல் சுற்றுங்கள். குழாய் இருக்கும் முனையிலிருந்து தொடங்கி உள்ளே போங்கள், உருகிய தண்ணீர் வெளியேற வழி இருக்கும். நடுவில் தொடங்கினால் உருகியது இரு பக்கமும் மாட்டிக்கொள்ளும். ஹேர் டிரையர் குறைந்த சூட்டில் ஓட்டலாம். கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் குளிர்ந்த பிளாஸ்டிக் விரிசல் விடும். பிளோ லாம்ப்பை எடுக்கவே வேண்டாம்.

எம் சீல், டெஃப்ளான் டேப், ஒரு உபரி ஃபில்டர் கிண்ணம், இரண்டு எல்போ, ஒரு ரப்பர் வாஷர் பொட்டலம். மலை ஏறும் முன் இவற்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மூணாறில் உங்கள் பம்ப்புக்கு வாஷர் தேடுவது கஷ்டம்.

இதே வண்டியில் ஸ்பிதி, லடாக் போகலாமா?

போகலாம். ஆனால் அங்கே இது வேறு கணக்கு. மூணாறில் உறைபனி சில மணி நேர விருந்தாளி, பத்து மணிக்குப் போய்விடும். அங்கே குளிர்காலத்தில் பகலிலும் 0 டிகிரிக்கு மேல் ஏறாத நாட்கள் உண்டு. டேங்க்கும் முழுதாக உறையும், அன்றாடம் இன்னும் கெட்டியாகும். லே நகரில் ஜனவரி ராத்திரி மைனஸ் 15-க்கும் கீழே போவது சாதாரணம். டீசலே கெட்டிப்படும் குளிர். அதற்காகவே 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் மைனஸ் 33 டிகிரிவரை உறையாத குளிர்கால டீசலை லடாக்கில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஊரிலிருந்து டேங்க்கில் நிரப்பிக்கொண்டு போன டீசலை அங்கே நம்பக் கூடாது.

ஸ்பிதியில் காசாவுக்கு நான் போனது அக்டோபர் கடைசியில். ராத்திரி வெளியே மாட்டிய தெர்மாமீட்டர் மைனஸ் 9 காட்டியது. டேங்க்கை வடித்தேன், பம்ப்பை வடித்தேன், ஃபில்டரைக் கழற்றினேன். ஷவர் மிக்ஸருக்குள் தங்கிய தண்ணீரை மறந்தேன். காலையில் அதன் பித்தளை உடம்பு கீழ்ப்பக்கம் வாய் பிளந்திருந்தது. விரல் நகம் நுழையும் அளவு. உள்ளே இருந்திருக்கக்கூடிய தண்ணீர் ஒரு டீக்கரண்டிகூட இருக்காது.

அங்கே வீடுகளில் ஆட்கள் குளிர்காலத்தில் பைப்பை நம்பவில்லை. அடுப்பு எரியும் அறைக்குள் டிரம்மில் தண்ணீர், பக்கத்தில் ஒரு சொம்பு. அதைப் பார்த்த பிறகு நானும் அப்படியே செய்தேன். டேங்க்கை முழுதும் காலி செய்துவிட்டு, 20 லிட்டர் கேன் இரண்டை உள்ளே, டீசல் ஹீட்டர் காற்று வரும் இடத்தில் வைத்துக்கொண்டேன். கடுங்குளிரில் நான் சொல்லும் வழி இதுதான். ஓடும் வண்டியில் அடியில் தொங்கும் டேங்க்கின்மேல் காற்று அறைந்துகொண்டே இருக்கும். காற்றடிப்பதால் வெளிக்குளிரைவிடத் தண்ணீர் கூடுதலாகக் குளிர்ந்துவிடாது, ஆனால் அந்தக் குளிருக்கு வெகு சீக்கிரம் வந்துவிடும். ராத்திரி தப்பித்த டேங்க் பகலில் ஓட்டும்போது உறைவது அதனால்தான். இன்னொன்று, டீசல் ஹீட்டர் அந்த உயரத்தில் காற்று போதாமல் கரி பிடிக்கும். உயரத்துக்கு ஏற்ப மாற்றும் வசதி உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள்.

புதிதாக வண்டி கட்டக் கொடுக்கிறேன். பட்டறையில் என்ன சொல்ல வேண்டும்?

கரூரிலோ கோயம்புத்தூரிலோ கொச்சியிலோ எங்கே கொடுத்தாலும் முதல் வார்த்தை இதுவாக இருக்கட்டும்: டேங்க் உள்ளே வேண்டும். சீட்டுக்கு அடியில், சக்கரத்துக்கு நெருக்கமாக. இடம் போகும்தான். ஆனால் ஆட்கள் படுக்கும் சூட்டிலேயே டேங்க்கும் படுக்கும்.

இரண்டாவது, பைப் எல்லாம் ஒரே பக்கம் சரிந்து, கடைசித் தாழ்வான இடத்தில் ஒரு வடிகால் வால்வு வேண்டும். வீட்டு வேலை செய்து பழகிய பிளம்பர் பைப்பை மேலும் கீழுமாகக் கொண்டுபோவார். ஒவ்வொரு தாழ்விலும் தண்ணீர் தங்கும், அதை வடிக்க வழியே இருக்காது. மூன்றாவது, விறைப்பான சிபிவிசி பைப் குளிரில் நொறுங்கும். பெக்ஸ் பைப் கொஞ்சம் விரிந்துகொடுக்கும். பெக்ஸ் கிடைத்தால் அதைப் போடுங்கள். வால்வுகள் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பனிக்குளிரில் பத்து மணி ராத்திரிக்குப் படுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் தேட வைக்கும் வால்வை யாரும் திறக்க மாட்டார்கள்.

வண்டியை இரண்டு மாதம் குளிர் ஊரிலேயே விட்டுப் போகிறேன்.

முழுதும் வடியுங்கள். டேங்க், கீசர், பம்ப், ஃபில்டர், ஷவர், டாய்லெட் ஃபிளஷ், எல்லாம். கம்ப்ரஸர் இருந்தால் 30 பிஎஸ்ஐக்கு மேல் போகாமல் காற்று விட்டு ஒவ்வொரு குழாயாக ஊதுங்கள். சிங்க் அடியில் வளைந்த பைப்பில் நிற்கும் தண்ணீரைப் பலர் மறப்பார்கள். அங்கே நான் மேலே சொன்ன புரோப்பிலீன் கிளைக்கால் திரவம் ஒரு டம்ளர் போதும். குழாய்கள் எல்லாம் பாதி திறந்தபடியே இருக்கட்டும்.

காலையில் எத்தனை மணிக்குப் பம்ப்பை ஆன் செய்யலாம்?

கடிகாரம் பார்க்காதீர்கள், தொட்டுப் பாருங்கள். பள்ளத்தில் நிற்கும் வண்டிக்கு ஒன்பது மணிவரைகூட வெயில் வராது. டேங்க் வால்வின் உலோகத்தைத் தொட்டால் விரல் ஒட்டுவதுபோல் இருந்தால் இன்னும் நேரமிருக்கிறது. ராத்திரி எடுத்து வைத்த கேன் தண்ணீரில் காப்பி போடுங்கள்.

புல்லில் வெள்ளை போய் ஈரம் மட்டும் நின்றதும் வடிகால் வால்வை மூடுங்கள். சல்லடைக் கிண்ணத்தையும் ஃபில்டர் கிண்ணத்தையும் கையால் மாட்டுங்கள், வாஷர் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டேங்க் வால்வைக் கால்வாசி திறந்து, ஒரு குழாயை மட்டும் திறந்து பம்ப்பை ஓட விடுங்கள். காற்று சீறிச் சீறி வந்து, பிறகு தண்ணீர் சீராக ஒழுகும். குழாயை மூடுங்கள். பம்ப் சத்தம் நின்றுவிட்டால் எங்கும் கசிவில்லை. அரை நிமிடத்துக்கு ஒருமுறை பம்ப் தானாக டக் டக்கென்று உதைத்தால் எங்கோ ஒழுகுகிறது. அப்போது சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு ஃபில்டரிலிருந்து தேட ஆரம்பியுங்கள்.